கடற்பசுவின் இரத்தத்தில் நூறு வட்டங்கள்

1986 மார்ச். டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் கால்நடை ஆய்வுகூடம் ஒன்றில் பரமேஸ்வரி சோதனைக் குழாய்கள் கழுவினாள். அகதிகளுக்கான ஆறுமாதப் பயிற்சி. முடியப் பத்து நாட்களே இருந்தன. மன்னாரில் எட்டு வருடம் மலேரியாத் தடுப்பு இயக்கத்தில் நுணுக்குக்காட்டியில் இரத்தத் தகடு வைத்துக் கிருமி தேடியவள் அவள். அந்தச் சான்றிதழை ஆய்வுகூடத் தலைவி டாக்டர் கிர்ஸ்டன் போன கிழமைதான் வாசித்திருந்தாள்.

அன்று காலை டாக்டர் அவளைக் கூப்பிட்டு நுணுக்குக்காட்டியின் முன் உட்காரவைத்தாள். கண்ணாடித் தகட்டில், சாயம் ஏற்றிய மிருகக்காட்சிச்சாலைக் கடற்பசு ஒன்றின் இரத்தம். செங்குருதிக் கலங்களில் ஊதாப் புள்ளிகள். யாரும் இதுவரை காணாத ஒட்டுண்ணியாக இருக்கலாம் என்றாள் டாக்டர். அப்படியென்றால் ஆய்வு இரண்டு வருடம் நடக்கும், தகடு பார்க்கும் வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனாள்.

அவளைப்போலவே அகதியாக வந்து அங்கே விலங்குக் கூடுகள் கழுவும் பேதுரு வாளியோடு எட்டிப் பார்த்தான்.

“என்னக்கா, பூச்சி கிடக்கோ?”

“நூறு வட்டம் பாக்காமல் நான் வாய் திறக்கிறேல்லை.”

“நூறோ! டொக்டர் எத்தினை பாத்தவ?”

“பத்து.”

“பிறகென்ன? கிடக்கு எண்டு சொல்லுங்கோ. கடற்பசு வந்து சாட்சி சொல்லப்போகுதே?”

“போடா அங்கால. மேசை ஆடுது.”

வில்லைக்குள் ஒரு தடவையில் தெரிவது ஒரு வட்டம். மனிதருடையதைவிடப் பெரிய கலங்கள், அவசரமில்லாமல் மிதப்பவைபோல் கிடந்தன. இருபதாவது வட்டத்தில், பார்வையைக் கூர்மையாக்கும் திருகை மெல்லத் திருப்பினாள். கலங்கள் மங்கின, புள்ளிகள் தெளிந்தன. அவை கலத்துக்குள் இல்லை, மேலே கிடந்தன. முப்பத்தேழாவதில் ஒரு புள்ளி வெறும் கண்ணாடியில் இருந்தது. மிச்சத்தில் ஒன்றாவது உண்மையான ஒட்டுண்ணியாக இருக்கவேண்டும் என்று விரும்பியபடி நூறுவரை போனாள்.

டாக்டர் திரும்பி வந்ததும், “ஒட்டுண்ணி இல்லை. சாயத்தில் கரையாத தூள்,” என்றாள் பரமேஸ்வரி.

டாக்டர் உட்கார்ந்து திருகை இரண்டு பக்கமும் நெடுநேரம் திருப்பினாள். கழுத்து சிவந்தது. பிற்பகல் சாயத்தை வடிகட்டிப் புதிய தகடு போட்டார்கள். பரமேஸ்வரி இன்னொரு நூறு வட்டம் பார்த்தாள். புள்ளிகளே இல்லை. ஆய்வும் இல்லை என்று டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

பரமேஸ்வரி குழாய்த் தொட்டிக்குத் திரும்பியபோது பேதுரு அங்கே நின்றான்.

“கிடக்கு எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா.”

“சொல்லியிருந்தால், ரெண்டு வருசமும் அந்தத் தூளையல்லோ பாத்துக்கொண்டிருக்க வேணும்,” என்று சொல்லித் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.