விசில்துரை

வாரத்தில் ஆறு நாள் அவர் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் புரட்சிக்காரர்.

ஆறு நாளும் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, மழித்த முகம். ஞாயிறு பிறந்துவிட்டால் முழங்கால் வரை தொங்கும் முரட்டுப் பருத்தி ஜிப்பா, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒன்றும் இருக்காது. ஆனால் பை இல்லாமல் புரட்சி வராது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் அவருக்கு நிர்வாக வேலை. மாடியில் கண்ணாடி அறை. கீழே லைன் லைனாகத் தையல் மெஷின்கள், மெஷினுக்கு ஒரு பெண். பெண்கள் அடிக்கடி பாத்ரூமுக்கு எழுந்து போகிறார்கள், வேலை கெடுகிறது என்று முதலாளி ஒருநாள் முணுமுணுத்தார். மறுநாளே சிவப்பு அட்டையைக் கொண்டுவந்தவர் நம் மேனேஜர்தான். லைனுக்கு ஓர் அட்டை. போக வேண்டியவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து கழற்றிக் கொடுத்த பிறகுதான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். "மூளைன்னா இது மூளை" என்று முதலாளி முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அவருக்கு ரொம்ப நாள் இனித்தது.

இப்பேர்ப்பட்டவர் தகரத்தின் பரம ரசிகர்.

தகரம் என்பது ஒரு பாடகிக்கு ஊர் வைத்த பெயர். காலி எண்ணெய் டின்னை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே பாடுவாள். சினிமாவுக்குப் பாட மாட்டாள், பணக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பாட மாட்டாள், எந்தக் கம்பெனியிலும் கையெழுத்துப் போட மாட்டாள். கூலி, குடிசை, லத்தி, லஞ்சம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பாட்டில் போட்டுக் கிழிப்பாள். மேனேஜர் அவள் பாட்டைக் காரில் கேட்பார், குளிக்கும்போது கேட்பார். லைன் லைனாக மேற்பார்வை பார்த்துக்கொண்டு நடக்கும்போது, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அதே பாட்டை விசிலடிப்பார். நல்ல விசில். சுருதி பிசகாது.

அந்தத் தகரம் ஊருக்கே வந்து பாடுகிறாள் என்றால் விடுவாரா? மனைவியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எத்தனையோ பேர் சுவரில் மோதப் போவதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்துப் பழகியவள். அதனால் எதற்கும் பதற மாட்டாள்.

பழைய கிடங்கு ஒன்றை மேடை போட்டு அரங்கமாக்கியிருந்தார்கள். முன்னால் மெத்தை நாற்காலிகள். அதற்குப் பெயர் 'தோழர் வரிசை'. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். அது 'மக்கள் வரிசை'. பக்கவாட்டில் இரும்புப் படி ஏறிப் போனால் பலகைத் தளம் ஒன்று. அங்கே டிக்கெட் வாங்க முடியாதவர்கள் சும்மா வந்து நின்றுகொள்ளலாம்.

"ஏங்க, தோழருக்கு மெத்தை, மக்களுக்குப் பிளாஸ்டிக்கா?" என்றாள் மனைவி.

"உனக்கு எல்லாத்துலயும் நொட்டை. உட்காரு."

வாசலில் தகரத்தின் அண்ணன் பனியன் விற்றுக்கொண்டிருந்தார். கறுப்புத் துணியில் ஓங்கிய முஷ்டி, கீழே 'பணியாதே' என்று சிவப்பு எழுத்து. மேனேஜர் ஒன்று வாங்கி, ஜிப்பாவுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். உறைக்குள் உறை போட்ட தலையணை மாதிரி இருந்தது. மனைவி பார்த்தாள், விட்டுவிட்டாள். சில வண்டிகளை மோதவிட்டுத்தான் திருத்த வேண்டும்.

தகரம் வந்தாள். ஒல்லியான உடம்பு, செருப்பில்லாத கால். டின்னில் ஒரு தட்டு தட்டினாள். தோழர் வரிசை மொத்தமும் சிலிர்த்துக்கொண்டது. வீட்டு வரியை ஏமாற்றியவர் லஞ்சப் பாட்டுக்குக் கைதட்டினார். வேலைக்காரிக்கு லீவு கொடுக்காத அம்மாள் கூலிப் பாட்டுக்குக் கண்ணைத் துடைத்தாள். மேனேஜர் எல்லாவற்றுக்கும் கைதட்டினார், கண்ணையும் துடைத்தார்.

"அடுத்தது புதுப் பாட்டு," என்றாள் தகரம். "சட்டை தைக்கிற அக்கா ஒருத்தி சொல்லச் சொல்லக் கட்டினது."

*ஒத்தை அட்டை ஊருக்கெல்லாம் – அது*
*யாரு கழுத்துல தொங்குதடி?*
*முன்னே போனவ திரும்பலையே – என்*
*முட்டி ரெண்டும் முட்டுதடி!*

மேனேஜர் தொடையில் தாளம் போட்டார். "அடடா, பாரு, எந்தக் கம்பெனியிலயோ ஒரு மடையன் இப்படிப் பண்றான்!" என்று மனைவியின் காதில் சொன்னார். சொல்லி முடித்ததும் போட்ட தாளம் நின்றது. சே, சிவப்பு அட்டை எல்லா ஊரிலும்தான் இருக்கும் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்தார். அதற்குள் இரண்டாவது சரணம் வந்துவிட்டது.

*அன்பான சகோதரின்னு – மைக்குல*
*அழகாப் பேசுவான் விசில்துரை!*
*எம் பாட்டையே விசிலடிச்சு – என்*
*எதிர்லயே நடப்பான் விசில்துரை!*

தினமும் காலையில் மைக்கைப் பிடித்து "அன்பான சகோதரிகளே" என்று தொடங்குவது யார் என்று அவருக்குத் தெரியும். கம்பெனியில் தனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கும் என்பதும் தெரியும். 'சிங்கம்' என்றோ 'புயல்' என்றோ இருக்கும் என்று நினைத்திருந்தார்.

"இப்ப எல்லாரும் விசிலடிங்க!" என்றாள் தகரம்.

கிடங்கே விசிலடித்தது. மேலே பலகைத் தளத்திலிருந்து வந்த விசில் கூரைத் தகட்டைப் பிய்த்தது. மேனேஜரின் உதடு காய்ந்த வாழைச்சருகு மாதிரி ஒட்டிக்கொண்டது.

மனைவி மெல்லத் திரும்பினாள். "ஏங்க, நீங்க நல்லா அடிப்பீங்களே. அடிங்க."

"தொண்டை சரியில்ல."

"விசிலுக்குத் தொண்டை எதுக்கு?"

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்த அட்டை உங்க வேலையா?"

"அது ஒரு நிர்வாக ஏற்பாடு. உனக்குப் புரியாது."

"புரியுது," என்று மனைவி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பாட்டு முடிந்து இடைவேளை விட்டதும் மேனேஜர் பாத்ரூமைத் தேடி ஓடினார். பாதி அவசரம், பாதி ஒளிந்துகொள்ளும் ஆசை. அந்தக் கிடங்குக்கு இருந்ததே ஒரு பாத்ரூம்தான். அதற்கு முன்னால் நீளமாக ஒரு வரிசை. கடைசியில் போய் நின்று நிமிர்ந்தால், முன்னால் நிற்பதெல்லாம் தெரிந்த முதுகுகள். மாடியில் இருந்து கீழே பார்த்துப் பார்த்துப் பழகிய முதுகுகள்.

ஒரு முதுகு திரும்பியது. காலர் தைக்கும் லைனில் மூத்தவள். எல்லோருக்கும் காலர் அக்கா.

"அட, சார்! நீங்களும் வந்திருக்கீங்களா?" என்றாள், கோயில் வாசலில் பார்த்தது போல. "ஏய், சாருக்கு வழி விடுங்கடி. பெரியவங்க, அடக்க முடியாது."

"பரவால்ல, பரவால்ல, நான் நிக்கிறேன்."

"நாங்க பழகினவங்க சார். எங்களுக்குப் பயிற்சி இருக்கு, தண்ணியே குடிக்கிறதில்ல. நீங்க போங்க."

ஒருத்தி சிரிப்பை முந்தானையில் அமுக்கினாள். இன்னொருத்தி, "சார், அட்டை இருக்கா?" என்று கேட்டேவிட்டாள். வரிசை முழுக்கக் குலுங்கியது. காலர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் போட்டிருந்த பனியனின் தோள்பட்டையை இரண்டு விரலால் பிடித்துத் தையலைப் பார்த்தாள்.

"இது நம்ம லைன்ல ஓடினது சார். மின்விசிறி நின்னுபோன வாரம். எங்க லைன் சின்னப் பொண்ணு மயங்கி விழுந்தாளே, அப்ப அவ கையில இருந்தது இந்தக் கறுப்புத் துணிதான்."

அவர் அவசரமாகக் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே அவர் கம்பெனியின் சின்னம் இருந்தது.

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பூமி பிளக்காதா என்று நினைத்திருப்பார்கள். மேனேஜருக்கோ உற்சாகம் பிறந்தது. ஆகா, தகரம் அகப்பட்டுக்கொண்டாள்! பாத்ரூமை மறந்து நேராக மேடைக்குப் பின்னால் போனார்.

தகரம் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்ணன் பனியன் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் உங்க தீவிர ரசிகன்," என்று மேனேஜர் தொடங்கினார். "ஆனா அந்த அட்டைப் பாட்டுல தகவல் பிழை இருக்கு. லைனுக்கு ஒரு அட்டைன்னு பாடுறீங்க. அது தப்பு. ரெண்டு."

தகரம் டம்ளரைக் கீழே வைத்தாள். "ரெண்டா? அந்த அக்கா ஒண்ணுன்னுதானே சொன்னாங்க?"

"இன்னொண்ணு என் மேஜை டிராயர்ல இருக்கு. தொலைஞ்சுட்டா மாத்துறதுக்கு."

"ஓ!" தகரம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. "நீங்கதானா அவரு? வாங்க, உட்காருங்க. நீங்க இவ்வளவு உயரமா இருப்பீங்கன்னு தெரியாமப் போச்சே. பாட்டுல சேத்திருப்பேன்."

"நான் உட்கார வரல. உங்க பனியன் எங்க தைச்சதுன்னு தெரியுமா?" அவர் கழுத்துப் பட்டையைத் திருப்பிக் காட்டினார். "எங்க கம்பெனியில. அதே லைன்ல. அதே அட்டையில. இப்ப பாடுங்க பார்ப்போம்!"

தகரத்தின் முகம் சுண்டிப்போனது. "அண்ணே, இது உண்மையா?"

அண்ணன் மூட்டையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "யாரு குறைச்சுக் கேட்டாங்களோ அவங்ககிட்ட கொடுத்தேன். சட்டையில ஜாதகமா எழுதியிருக்கு?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அன்று முழுக்க மேனேஜருக்குக் கிடைத்த ஒரே வெற்றி அந்தக் கொஞ்ச நேரம்தான். அதை அனுபவித்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பி, மனைவி பக்கத்தில் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

தகரம் மேடையேறினாள். டின்னைத் தொடவில்லை.

"ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, அந்த அட்டைப் பாட்டுல ஒரு பிழை இருக்குன்னு ஒருத்தர் இப்ப வந்து திருத்தினார். அட்டை ஒண்ணு இல்லையாம், ரெண்டாம். ஒண்ணு லைன்ல. இன்னொண்ணு பத்திரமா மேனேஜர் டிராயர்ல."

கிடங்கு வெடித்தது. மேலே பலகைத் தளத்தில் பெண்கள் கம்பியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

"இன்னொண்ணு," என்றாள் தகரம். "வாசல்ல விக்கிற பனியனும் அந்தக் கம்பெனியில தைச்சதுதான். நான் விசாரிக்கல. அக்காங்க தாகத்தைப் பாட்டாவும் வித்துட்டேன், பனியனாவும் வித்துட்டேன். வெட்கமா இருக்கு. யாரும் வாங்காதீங்க."

தோழர் வரிசை எழுந்து நின்று கைதட்டியது. என்ன நேர்மை, என்ன நேர்மை! நிகழ்ச்சி முடிந்ததும், வெட்கப்பட்ட பனியன் ஞாபகத்துக்கு ஒன்று இருக்கட்டும் என்று முண்டியடித்துக்கொண்டு வாங்கினார்கள். அண்ணன் விற்கமாட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டு விற்றார். தகரம் வந்து மூட்டையைப் பிடுங்கிய நேரத்தில் அடியில் கிடந்ததெல்லாம் பெரிய சைஸ் மட்டும்தான்.

திங்கட்கிழமை மேனேஜர் வழக்கம்போல மைக்கைப் பிடித்தார். "அன்பான சகோ" வரைக்கும் வந்தது, மீதி வரவில்லை. கீழே காலர் லைனில் மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. காலர் அக்கா எழுந்தாள். பின்னாலேயே லைன் மொத்தமும் எழுந்தது. ஒருத்தி கழுத்திலும் அட்டை இல்லை. கத்தவில்லை, கோஷம் போடவில்லை. பாத்ரூமுக்குப் போனார்கள், தண்ணீர்க் குழாயில் வயிறு நிறையக் குடித்தார்கள், திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த லைன் எழுந்தது. சூப்பர்வைசர் மாடியைப் பார்த்தான். மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார்.

முதலாளிக்கு விஷயம் ஏற்கெனவே வேறு வழியில் வந்திருந்தது. சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் யாரோ அனுப்பிய பாட்டைக் கேட்டுவிட்டு, இது யார் கம்பெனி என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"யோவ், அட்டையை எல்லாம் எடுத்துக் கொளுத்து. நாமளே முன்வந்து எடுத்துட்டோம்னு அறிக்கை போடு. உன் பேர்லயே போடு."

அறிக்கை போட்டார். 'தொழிலாளர் நலனில் என்றும் அக்கறை கொண்ட' என்று ஆரம்பித்து நன்றாகவே எழுதினார். ஆண்டுவிழாவில் அவருக்குத் தொழிலாளர் நலக் கேடயம் கொடுத்தார்கள். மின்விசிறிகளைப் பழுது பார்த்தார்களா என்றால், இரண்டு ஓடின. காலர் அக்கா அதற்கும் ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறாள் என்று பேச்சு.

கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, "இதை எங்க மாட்டலாம்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"மெதுவா யோசிங்க. எனக்கு இப்ப கிளாஸ் இருக்கு," என்று மனைவி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடி காலர் அக்கா உட்கார்ந்திருந்தாள். அந்த ஞாயிறு, அவர் மேடைக்குப் பின்னால் போயிருந்த நேரத்தில், பாத்ரூம் வரிசையிலேயே இரண்டு பேரும் பேசிப் பழகிவிட்டார்கள் என்பது மேனேஜருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வணக்கம் சார்!" என்றாள் காலர் அக்கா. "அடுத்த ஊர்ல இன்னிக்குத் தகரம் பாட்டு. நான்தான் ஓட்டிட்டுப் போறேன். அக்கா பக்கத்துல இருப்பாங்க, பயமில்ல."

"எனக்குச் சொல்லவே இல்லையே," என்றார் மேனேஜர் மனைவியைப் பார்த்து.

"ரெண்டு டிக்கெட்தான் கிடைச்சுது. மக்கள் வரிசை." மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள். "கிளட்ச்சை மெதுவா விடு. மெதுவா... ம், அப்படித்தான்."

வண்டி இரண்டு முறை குதித்தது, ஒரு முறை நின்றது, பிறகு போய்விட்டது. கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, என்ன பரிசு என்று கேட்டார். மேனேஜர் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார், தனக்கு வசதியான இடத்திலிருந்து.