இடப்பக்கத்து ஆட்டுக்கொம்பு

தையல்காரம்மா வீட்டுச் சாவியை மறந்தாலும் மறப்பாள், கைப்பையில் கிடக்கும் அந்த உடைந்த பித்தளைத் துண்டை மறக்க மாட்டாள். பாய்மரப் படகில் பாயை மேலே இழுத்த பிறகு கயிற்றைச் சுற்றிக் கட்டுகிற இரட்டைக் கொம்பு அது. கடைகளில் அதற்கு என்னவோ வாயில் நுழையாத பெயர். அவள் வீட்டுக்காரர் வைத்த பெயர் ஆட்டுக்கொம்பு.

வீட்டுக்காரர் மோட்டாருக்குக் கம்பி சுற்றியவர். இடக்கைக்காரர். சின்னப் பாய்மரப் படகு ஒன்றைப் பழசாக வாங்கியதும், பாய்மரத்தின் வலப்பக்கம் இருந்த கொம்பைக் கழற்றி இடப்பக்கம் மாட்டிக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் வலது, ஐயாவுக்கு மட்டும் இடதாக்கும்?" என்று அவள் கேலி செய்வாள்.

"வாயாடி, பேசாம கயித்தப் பிடி."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயாடிதான். சொந்தப் பெயரை அவர் சொல்லிக் கேட்டதே இல்லை.

இப்போது அவருக்கு எல்லாம் மறந்துகொண்டு வந்தது. தெரு மறந்தது, கூடப்பிறந்த தம்பி மறந்துபோனான். கரையில் அவளையும் யாரோ என்றுதான் பார்ப்பார். படகில் ஏறி, பாயை ஏற்றிக் கயிற்றைக் கட்டிவிட்டால் மட்டும் முகத்தில் பழைய களை வந்துவிடும். அவளைப் பார்த்து 'வாயாடி' என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாரந்தோறும் அழைத்துப் போனாள்.

கொம்பு உடைந்தபோது கொழுந்தன் நல்ல எண்ணத்தில்தான் புது மாதிரிப் பிளாஸ்டிக் பிடிப்பு ஒன்றை வாங்கி, எல்லாப் படகிலும் இருப்பதுபோல வலப்பக்கம் புதுத் துளை போட்டு மாட்டினான். அன்று அவருடைய இடக்கை பாய்மரத்தைத் தடவித் தடவித் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. படகுக்குள் உட்கார்ந்து, கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி அழுதார். கொழுந்தனைத் திட்டலாம் என்று திரும்பினாள். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

பிறகு அந்த உடைந்த துண்டோடு அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. புதுக் கொம்புகள் எதற்கும் பழைய துளைகள் பொருந்தவில்லை. அந்த மரத்தில் இன்னொரு துளை போட்டால் பிளந்துவிடும்.

"பழைய மாடல் அண்ணி. செஞ்ச கம்பெனியையே மூடிட்டாங்களாம்."

"அவங்க மூடட்டும். நான் கடைய மூடல. வண்டிய எடு."

கடைசியில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வீட்டில் அதே மாதிரிப் படகு இருப்பதாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தால், கவிழ்த்துப் போட்ட படகு கோழிக்கூண்டுக்குக் கூரையாகியிருந்தது. பாய்மரத்தைக் கொல்லையில் நட்டிருந்தார்கள். ஆட்டுக்கொம்பில் கட்டிய கொடியில் வரிசையாகப் பனியன்கள்.

"கழட்டிக்கோங்கம்மா. ஆனா என் பனியன எங்க காயப்போடுவேன்?"

"என் கொழுந்தன் நிப்பான். நல்ல உசரம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கொழுந்தன் அதை இடப்பக்கத்துப் பழைய துளைகளிலேயே முடுக்கினான். காற்று பதமாக இருந்தது. அவர் பாயை ஏற்றினார். இடக்கை, கண்ணின் உதவி இல்லாமலே, இறங்கிப் போய்க் கொம்பைப் பிடித்தது. கயிற்றை எட்டுப் போட்டுச் சுற்றியது, கடைசிச் சுற்றை மடக்கி இறுக்கியது. கரையில் கொழுந்தன் விசிலடித்தான். படகு நகர்ந்தது. அவள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

அவர் திரும்பினார். முகத்தில் அதே பழைய களை. அவளுக்காகக் கொஞ்சம் நகர்ந்து மரியாதையாக இடம் விட்டார்.

"நீங்க இப்படி உக்காருங்கம்மா, பயப்படாதீங்க. எங்க வீட்ல ஒரு வாயாடி இருக்கா. அவதான் எப்பவும் கூட வருவா. இன்னிக்கு ஏனோ காணோம்."

தேடித் தேடிக் கொண்டுவந்த சொல் வந்துவிட்டது. அவளிடம் வரவில்லை.

"வந்துடுவாங்க" என்றாள் வாயாடி.