பதினோரு வருட அனுபவம்

டெண்டருக்கு நாங்கள் தயாரித்த விண்ணப்பத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் என் பாஸ்போர்ட் சைஸ் புகைப்படம் இருந்தது. அதன் கீழே என் பெயர், ஷண்முகப்ரியா. அதற்கும் கீழே, 'திட்டத் தலைவர், பதினோரு ஆண்டு அனுபவம்'.

எனக்கு வயது இருபத்து நான்கு. படித்தது இயற்பியல். இந்த அலுவலகத்தில் சேர்ந்து ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது.

"இன்னா ப்ரியா, பதிமூணு வயசுலேர்ந்து வேலைக்குப் போய்க்கினு கீறியா? சொல்லவே இல்ல" என்றாள் ஷீலா. விண்ணப்பங்களை அரசு இணையதளத்தில் ஏற்றுவது அவள் வேலை. சைதாப்பேட்டையிலிருந்து வருகிறாள். எதற்கும் பதறமாட்டாள்.

"நான் எழுதலை. ஏஐ எழுதியிருக்கு."

"உன்ன ஒரு வார்த்த கேக்காமலேவா?"

கேட்காமல்தான். ஆனால் அப்படி எழுத அதற்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

எங்கள் முதலாளி சுரேஷ்குமாரின் குடும்பத்துக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடை. அவருடைய அப்பா திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்து தொடங்கியது. அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. "உட்காருங்க, குடோன்லேர்ந்து வருது" என்று மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, பின்வாசல் வழியாக ஆள் அனுப்பி, பக்கத்துக் கடையில் வாங்கிவந்து விற்பார்கள். அந்தச் சட்டத்தோடுதான் சுரேஷ்குமார் மென்பொருள் தொழிலுக்கு வந்தார். உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் நாங்கள் ஏழு பேர். டெண்டர் விண்ணப்பம் எழுத ஏஐ கருவிக்குச் சந்தா கட்டிய அன்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "டைப் பண்ணும்மா. எந்தக் கேள்விக்கும் இல்லைன்னு பதில் எழுதாதே" என்றார். டைப் செய்தேன்.

அது கீழ்ப்படிந்தது. முந்நூறு பேர் கொண்ட கால்சென்டர் உண்டா? உண்டு. வெள்ளத்திலும் நிற்காத சர்வர் உண்டா? உண்டு. எல்லா மண்டலத்திலும் கிளை உண்டா? அதுவும் உண்டு.

இந்த டெண்டர், ஆற்றோரத்திலிருந்து நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களுக்கானது. லிஃப்ட் நின்றாலோ தண்ணீர் வராவிட்டாலோ போனில் புகார் சொல்ல ஒரு சேவை. அதை நடத்தும் திட்டத் தலைவருக்குப் பத்து வருட அனுபவமாவது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ஏழு பேரில் யாருக்கும் இல்லை. ஏஐ என்னைத் தேர்ந்தெடுத்தது. பயோடேட்டாவை முழுதாக நிரப்பிக் கொடுத்திருந்தது நான் மட்டும்தான்.

வேறு சமயமாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். பேசாமல் இருப்பது எனக்கு எளிது. ஆனால் குரூப் டூ தேர்வில் தேறியிருந்தேன். அடுத்த மாதம் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரு அரசு அலுவலகத்தில் என் பெயரோடு ஒரு பொய் கிடக்கும்போது, இன்னொரு அரசு அலுவலகத்தில் போய் நின்று, இதெல்லாம் உண்மை என்று சான்றிதழ்களை நீட்ட முடியாது. யாராவது கண்டுபிடித்தால் வேலை போகும். கண்டுபிடிக்கும்வரை எனக்குத் தூக்கம் போகும்.

பக்கத்தைத் திருத்தி முதலாளிக்கு அனுப்பினேன். கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அவர் அதை மறுபடி ஏஐக்குக் கொடுத்தார். பதினோரு வருடம் திரும்பி வந்தது. கூடவே, மூன்று மாநிலங்களில் பணியாற்றியவர் என்று வந்தது. மறுபடி திருத்தினேன். இந்த முறை எனக்கு ஒரு தேசிய விருது கிடைத்திருந்தது.

அவர் அறைக்குப் போனேன்.

"சார், எனக்கு ஒரு வருஷம் நாலு மாசம்தான்."

"தெரியும்மா. நான்தானே வேலைக்கு எடுத்தேன்."

"இது பொய் சார்."

"பொய் எப்படிம்மா ஆகும்? சரக்கு குடோன்லேர்ந்து வருதுன்னு வச்சுக்கோ. டெண்டர் கிடைக்கட்டும், பத்து வருஷ ஆளை மறுநாளே எடுத்துடுவோம். அதுவரைக்கும் உன் போட்டோ இருக்கட்டும்."

"என் பேரு சார்?"

"பேரும் இருக்கட்டும். போட்டோவுக்குக் கீழ வேற பேரு போட்டா நல்லாவா இருக்கும்?"

நான் மூன்றாவது முறையாகத் திருத்தி நேராக ஷீலாவுக்கு அனுப்பினேன். மூன்று மணிக்கு இணையதளம் மூடிய பிறகு அவளிடம் கேட்டேன்.

"நீ அனுப்பினது ஒண்ணு, சார் அனுப்பினது ஒண்ணு. சாருத ஏத்திட்டேன்" என்றாள். "மூஞ்சத் தூக்காத. நாப்பத்திரெண்டாம் பக்கம். எவன் படிக்கப் போறான்?"

பத்து நாள் கழித்து நேர்முக விளக்கத்துக்கு அழைத்தார்கள். நந்தனத்தில் ஒரு அரசு அலுவலகம், நான்காவது மாடி. குழுவில் மூன்று பேர். தலைவர் பஞ்சாட்சரம், ஓய்வு பெறும் வயது. முன்னால் கோப்புகள் அடுக்கியிருந்தன. சுரேஷ்குமார் அரை மணி நேரம் பேசினார். நான் படங்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"திட்டத் தலைவர் யாரு?" என்று கேட்டார் பஞ்சாட்சரம்.

முதலாளி என்னைக் காட்டினார். பஞ்சாட்சரம் என்னைப் பார்த்தார். புகைப்படத்தைப் பார்த்தார்.

"ரொம்பச் சின்ன வயசா தெரியறீங்களே."

"உப்பு கம்மியா சேர்த்துக்குவாங்க சார்" என்றார் முதலாளி.

யாரும் சிரிக்கவில்லை. பஞ்சாட்சரம் நாற்பத்திரண்டாம் பக்கத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். "மேலே இருக்கறது எல்லாம் உண்மைன்னு கீழே கையெழுத்து போடுங்கம்மா. எங்க முன்னால போடணும்."

பேனாவை எடுத்தேன். கல்லூரியில் ஆய்வக ரெக்கார்டு நோட்டில் தவறான அளவீட்டை எப்படித் திருத்துவோமோ, அப்படி. ஒரே கோடு, அடித்தது படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் சரியான எண். அதன் பக்கத்தில் சுருக்கொப்பம். பதினோரு ஆண்டை அடித்து ஒரு வருடம் நான்கு மாதம் என்று எழுதினேன். மூன்று மாநிலங்களை அடித்தேன். விருதை அடித்தேன். கீழே முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

முதலாளியின் கால் மேசைக்கடியில் ஆடுவது நின்றது.

பஞ்சாட்சரம் நிதானமாகப் படித்தார். பிறகு கோப்புகளின் மேல் கையை வைத்தார். "நாலு கம்பெனி வந்திருக்கீங்க. நாலு திட்டத் தலைவருக்கும் பதினோரு வருஷம். நாலு பேரும் மூணு மாநிலம். விருதும் ஒரே விருது."

"அப்போ அவங்களும் தகுதி இல்லாதவங்கதானே சார்?" முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவங்க காகிதத்துல பத்துக்கு மேல இருக்கு. கையெழுத்தும் போட்டுட்டுப் போயிட்டாங்க. விசாரிக்கணும்னா தனி ஃபைல் போடணும், ஆறு மாசம் ஆகும். உங்க காகிதத்துல இப்போ பத்து இல்ல. இன்னைக்கு என்னால நிராகரிக்க முடியறது உங்களத மட்டும்தான்."

"சார், புகார் வாங்கற வேலைக்கு எதுக்கு சார் பத்து வருஷ அனுபவம்? யாரு போட்ட கண்டிஷன் இது?"

பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றினார். "நாங்களும் ஒரு ஏஐ வாங்கியிருக்கோம்" என்றார்.

வராந்தாவில் முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"கல்லாவுல நிக்கற ஆளே, இது எங்க சரக்கு இல்ல, பக்கத்துக் கடையுதுன்னு சொன்ன மாதிரி இருக்கும்மா."

"நாளைக்கு வரணுமா சார்?"

"வராம? திங்கக்கிழமை இன்னொரு டெண்டர் முடியுது. அதுல உன் பேரு வேண்டாம். ஷீலா பேரைப் போட்டுக்கலாம்."

"ஷீலாவைக் கேட்டீங்களா சார்?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டு லிஃப்டுக்குள் போனார். நான் போகவில்லை. தபால் பிரிவைத் தேடிப் போனேன். அங்கே ஜைதூன் பீ என்று பெயர்ப்பலகை வைத்த ஒரு அம்மா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"மேடம், நான் கையெழுத்து போட்ட ஒரு பக்கத்துக்கு நகல் வேணும். முத்திரையோட."

"எந்த டெண்டர்?"

சொன்னேன்.

"இப்பதான் போன் வந்துச்சு. உங்களுது தள்ளுபடி ஆயிடுச்சேம்மா. தள்ளுபடி ஆனதுக்கு எதுக்கு நகல்?"

"எனக்கு வேணும்."

குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அவர் டிபன் பாக்ஸை மூடினார். "மனு எழுதிக் குடுத்துட்டு உட்காருங்க. ரெண்டரை ஆகும்."

எழுதிக் கொடுத்தேன். மர பெஞ்சில் உட்கார்ந்து, சான்றிதழ் சரிபார்ப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன். முதலாளி இரண்டு முறை போன் செய்தார். கீழே அவர் கார் கிளம்பிப் போவது ஜன்னலில் தெரிந்தது. இரண்டரை, மூன்றேகால் ஆனது.

முத்திரை கொஞ்சம் தள்ளி, என் புகைப்படத்தின் மேல் விழுந்திருந்தது. முகம் தெரியவில்லை. அடித்த கோடுகளும் தேதியும் தெளிவாக இருந்தன. மடிப்பு அந்தக் கோடுகளின் மேல் விழாதபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.