முலாம்பழ வயலின் மறுகோடி

1

“கக்கூஸை எங்க பக்கத்துல இழுத்து வைங்க, பத்ரீனோ.”

இந்தக் கதை இந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. பத்ரீனோ என் ஞானத்தகப்பன். எங்கள் மேஸ்திரியும் அவரேதான். ஆம்பளைகள் காதுபட அவரிடம் இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். (எங்கள் கூட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். பெற்றவர்களுக்கு அவர் ‘கொம்பாத்ரே’. கொம்பாத்ரேயிடம் குறை சொல்வது ஞானஸ்நானத்தையே திருப்பிக் கொடுப்பதுபோல.)

2

முதலில் வேறு மாதிரி தொடங்கினேன். “கலிஃபோர்னியாவின் இம்பீரியல் கவுன்டியில் ஜூன் மாத வெயில் ஒரு—”

ஒரு என்ன? அடுப்பா? அடித்துவிட்டேன். இங்கே வியர்வை கண்ணில் படுவதற்குள் காய்ந்துவிடும்; சட்டையில் உப்பு மட்டும் வெள்ளையாக நிற்கும். வெயிலோடு வாழ எங்களுக்குத் தெரியும். இருட்டோடு வேலை தொடங்குவோம், கண் மட்டும் தெரிய முகத்தைக் கட்டுவோம். ஆனால் டிராக்டர் இழுக்கும் பழவண்டியில் நின்று பெட்டி அடுக்கும் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும். சக்கரம் வைத்த கக்கூஸ் வயலின் மறுகோடியில் நிற்கும். போய் வருவதற்குள் நம் பழமெல்லாம் பக்கத்தில் நிற்பவள் தலையில் குவியும்.

அப்படித்தான் என் அம்மா ஒப்துலியா கால் நரம்பு இழுத்துப் பெட்டிகளுக்கு நடுவே சரிந்தாள். மறுநாளும் வந்து நின்றாள், பாட்டில் மூடியைத் திறக்காமல். இன்னொரு முறை சரிந்தால் எழுந்திருப்பாளா?

கேட்டுவிட்டேன்.

3

பத்ரீனோவை, அதாவது தோன் குகோவை, வில்லனாக்கப் பார்த்தேன். வரவில்லை. நான் பட்டம் வாங்கிய அன்று என்னைவிட அதிகம் அழுத மனுஷன். நல்லவர் என்பதற்காக மூத்திரம் காத்திருக்குமா?

“கக்கூஸ் பத்திப் பேசத்தான் காலேஜுக்குப் போனியாம்மா?” என்றார். பழம் வெட்டிய ஆண்கள் சிரித்தார்கள்.

“ஆமா. நாலு வருஷம் அதுக்குத்தான் போனேன்.”

“யெசேனியா! வாயை மூடுடி,” என்றாள் அம்மா. “மனசுல வச்சுக்காதீங்க, கொம்பாத்ரே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

“ஒனக்கு எப்படி வரும்? ஒரு சொட்டு உள்ள போனாத்தானே!” பக்கத்தில் நின்ற செல்சா அக்கா. “எனக்கு வருது, கொம்பாத்ரே. விடிஞ்சதுலேருந்து அடக்கிட்டு நிக்கிறேன். சிரிக்க மட்டும் வச்சிடாதீங்க, பழத்து மேல போயிடும்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

4

முடிவு ஒன்று: அவர் வெட்கப்பட்டுக் கக்கூஸை இழுத்து வருகிறார். (நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: நாளையிலிருந்து வர வேண்டாம் என்கிறார். (நம்புவீர்கள். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.)

முடிவு மூன்று: அம்மா என்னை—

வேண்டாம். அம்மாவை நான் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. நான் கையுறையைக் கழற்றிப் பெட்டிமேல் போட்டுவிட்டுக் கீழே குதித்தேன். அம்மா தோன் குகோவைப் பார்த்தாள். குவிகிற பழத்தைப் பார்த்தாள். பிறகு பாட்டிலைத் திறந்து, முகத்துணியை இறக்கி, அத்தனை பேர் முன்னாலும் மடமடவென்று முழுசாகக் குடித்தாள்.

“தள்ளுடி. எறங்கணும்,” என்றாள் கீழே நின்ற என்னிடம்.

அப்பாடா.

பின்னால் டிராக்டர் நின்ற சத்தம் கேட்டது. எங்களை வேலையைவிட்டு அனுப்புவாரா, கக்கூஸை இழுத்து வருவாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேரும் வரப்பில் போய்க்கொண்டிருந்தோம். செல்சா அக்கா எல்லாருக்கும் முன்னால், ஓடாத குறையாக.