பதினெட்டாம் எண் பேருந்தில் வந்த மாப்பிள்ளை

லோயாங் நகரில் பதினெட்டாம் எண் பேருந்தை ஓட்டுகிறவள் சூ மெய்ஃபென். பியோனிப் பூக்களைப் பார்க்க வெளிநாட்டார் குவியும் வசந்த காலத்துக்காக, டிப்போவில் ஓட்டுநர்களுக்கு ஆங்கில வகுப்பு வைத்தார்கள். அவள் நன்றாக மனப்பாடம் பண்ணியது 'மிஸ்' என்ற வினைச்சொல்லை. பேருந்தைத் தவறவிட்டால் மிஸ். இறங்கும் நிறுத்தத்தைத் தவறவிட்டாலும் மிஸ்.

எடின்பரோவிலிருந்து மகள் ரூலானும் மாப்பிள்ளை ஃபெர்கஸும் மூன்று வருடம் கழித்துச் சனிக்கிழமை வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: 'வீ மிஸ் யூ.'

"போச்சு! விமானத்தை விட்டுட்டாங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மகளை அழைத்தாள். போன் அணைந்திருந்தது. "திட்டுவேன்னு பயம், வேறென்ன!"

கோபத்தோடு டிப்போவுக்குப் போய், நேர அலுவலர் தாங்கிடம் அந்த வரியைக் காட்டி, சனிக்கிழமைக்கு எடுத்திருந்த விடுப்பை ரத்து செய்யச் சொன்னாள்.

"அக்கா, எதுக்கும் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா..."

"இங்கிலீஷ் பரீட்சையில தொண்ணூத்தாறு வாங்கினது நீயா, நானா?"

நாற்பத்தொன்று வாங்கிய தாங் விடுப்புச் சீட்டைக் கிழித்துப் போட்டான்.

மறுநாள் காலை ரயில் நிலைய நிறுத்தத்தில் செந்தாடிக்காரன் ஒருவன் குனிந்து வண்டியில் ஏறினான். பின்னால் பெட்டியோடு ரூலான்.

"அம்மா! விமானத்துல இறங்கி ரயிலைப் பிடிச்சு வந்து, அரைமணி நேரமா ஸ்டேஷன்ல உன்னைத் தேடறோம். போனை அணைச்சு வச்சுட்டு நீ இங்க பஸ் ஓட்டறியா?"

"ஓட்டும்போது அணைக்காம? விமானத்தை விட்டுட்டோம்னு உன் புருஷன்தானே எழுதினான்! வீ மிஸ் யூ!"

ரூலான் சிரித்த சிரிப்பில் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். "வண்டியை மிஸ் பண்ணினாத்தாம்மா அது. இது, உன்னைப் பார்க்காம ஏக்கமா இருக்குன்னு அர்த்தம்!"

ஃபெர்கஸ் தட்டுத்தடுமாறிச் சீனத்தில் சொன்னான்: "அம்மா, இன்னிக்கு ஸ்டேஷன்ல உங்களைக் கண்டுபிடிக்க முடியலையே, அதுவும் மிஸ்தான். ஆக ரெண்டும் நடந்துடுச்சு."

பேருந்தே சிரித்தது. மெய்ஃபென்னின் முகம் சிவந்து, கண் நிறைந்தது. எழுந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஓட்டுநரம்மா, கொஞ்சறதை வீட்டுல வச்சுக்குங்க! எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு!" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார். கத்தினவரே நகர்ந்து மாப்பிள்ளைக்கு இடமும் கொடுத்தார்.

"ஒரு மணிக்கு டூட்டி முடிஞ்சு நான் இறங்கிடுவேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் இதே வண்டியில ஊரைச் சுத்துங்க," என்று மெய்ஃபென் கியரைப் போட்டாள். "வீட்டுல விருந்துக்கு மாவுகூடப் பிசையல. இன்னிக்கு மாப்பிள்ளைதான் பிசையணும்!"