ஒரு முழங்காலுக்கு இரண்டு புள்ளியியல்

தங்கை பிசியோதெரபிஸ்ட். முழங்கால் வலிக்குத் தான் வகுத்த பயிற்சியை நாற்பது பேரிடம் சோதித்திருந்தாள். இன்று மூன்று மணிக்கு மருத்துவமனைக் குழு கூடுகிறது. பெரிய ஆய்வுக்கு அனுமதி கிடைத்தால் பயிற்சி பிழைக்கும். இல்லையேல் ஃபைலோடு பரணுக்குப் போகும்.

கணக்குப் போட்டுத் தரக் குடும்பத்திலேயே இரண்டு புள்ளியியல் பேராசிரியர்கள். அதுதான் சிக்கல். அக்கா பழைய கட்சி. பலனே இல்லாதபோதும் இப்படியொரு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் வாயைத் திறப்பாள். அத்தான் 'பேயீசியன்' என்ற எதிர்க்கட்சி. முதலில் இருக்கிற நம்பிக்கையை எண்ணாக எழுதிவைத்து, தரவு வந்ததும் திருத்துவார். பன்னிரண்டு வருடமாக ஒருவரையொருவர் திருத்த முடியாமல் மாணவர்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

நேற்று அக்கா போட்ட கணக்கில் விடை நூற்றுக்கு ஆறு. ஒன்று கூடுதல்.

மறுநாளே, அதாவது இன்று காலை, இருவரும் தனித்தனியே மெயில் அனுப்பினார்கள். அக்காவின் ஆறு மூன்றாகியிருந்தது. பலன் உண்டென்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு என்றார் அத்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கை போய் நின்றாள்.

"ஆறு எப்படிக்கா மூணாச்சு?"

"பயிற்சியால வலி கூடவா போகுது? குறையுற பக்கத்தை மட்டும் பார்த்தேன்டி, ஆறு பாதியாச்சு."

"அடேங்கப்பா! ரிசல்ட் வந்தப்புறம் பக்கம் மாறுனியா?" அத்தான் சிரித்தார். "ஒரு மாணவன் செஞ்சிருந்தா தோலை உரிச்சிருப்பே!"

"நீங்க மட்டும்? போன வருஷம் 'சந்தேகம்தான்'னு எழுதினீங்க. இன்னிக்கு எப்படிங்க நம்பிக்கை பொங்கி வழியுது?"

அத்தான் தண்ணீர் குடித்தார். "கொழுந்தியாளாச்சே..."

ஆய்வுக்கு முன் இருவரும் கையெழுத்திட்ட திட்டத்தாளைத் தங்கை மேசையில் வைத்தாள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். சந்தேகத்தோடு தொடங்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு மேதைகளும் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள்.

"எனக்காகப் பொய் வேணாம், சாமிகளா. எழுதினபடி போட்டுக் குடுங்க."

மூன்று மறுபடி ஆறாயிற்று. தொண்ணூற்றொன்பது எண்பத்தெட்டுக்கு இறங்கியது. மூன்று மணிக்கு இரண்டு கணக்கையும் தங்கை குழுவின் முன் வைத்தாள்.

"பலன் உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லும்மா" என்றார் குழுத் தலைவர்.

"உறுதியாத் தெரியல சார். இருக்கும்போலத்தான் தோணுது. தெரிஞ்சுக்கத்தான் இருநூறு பேர் கேக்கறேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க வந்தவங்க எல்லாரும் 'உண்டு'ன்னுதான் சத்தியம் பண்ணாங்க. அவங்க வாங்கின மெஷினெல்லாம் மாடியில தூங்குது. நீ செஞ்சு பாரும்மா."

தங்கை வராந்தாவிலிருந்தே போன் போட்டாள். மறுமுனையில் இரண்டு குரல்கள் ஒன்றாய்ப் பாய்ந்தன:

"யாரோட கணக்கைப் பார்த்து அனுமதி குடுத்தாங்க?"

"ரெண்டையும் புரட்டிக்கூடப் பார்க்கல."

பிறகு, கல்யாணமான நாள்முதல் இல்லாத அதிசயமாக, இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: அந்தத் தலைவருக்குப் புள்ளியியலே தெரியாது.