மூன்றாவது கூப்பாடு

முகத்துவாரக்குப்பத்து நோயல் எதைப் பேசினாலும் முதல் இரண்டு தடவை சத்தம் வராது. மூன்றாவது தடவைதான் கேட்கும். வாய் அசையும், தொண்டை நரம்பு புடைக்கும், அவ்வளவுதான். இரவுப் பயிற்சிக்கு வந்த ஹெலிகாப்டர் கடலில் விழுந்து இருவர் இறந்த மறுநாள் காலை, டீக்கடையில் இது தெரியவந்தது. ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஒரு குறையுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "ஒரு கரண்டி கொழம்புக்கு மூணு தபா வாயத் தொறக்குது" என்று பெண்சாதி சிலுவையம்மாள் மீன் கடையில் சொல்லிச் சிரித்தாள். மீன் வாங்க வருகிறவர்களும் மூன்றுவரை பொறுக்கப் பழகிக்கொண்டார்கள்.

காரணம் நோயலுக்கு மட்டும் தெரியும். ஹெலிகாப்டர் விழுந்த ராத்திரி வலை போட்டுவிட்டு, இன்ஜினை அணைத்துப் படகில் இருந்தான். ஹெலிகாப்டர் சத்தம் நின்றபோது, பயிற்சி முடிந்து திரும்பிவிட்டதாக நினைத்தான். கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து "அண்ணா" என்று ஒரு குரல். மறுபடியும் ஒரு தடவை. பேய்க்கு இரண்டுக்கு மேல் கூப்பிடத் தெரியாது, அதனால் கடலில் ஆள் தெரியாத குரலுக்கு மூன்றாவது கூப்பாடு வரைக்கும் பதில் கொடுக்கக் கூடாது என்பது அந்தக் குப்பத்து வழக்கம். நோயல் கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி காத்திருந்தான். மூன்றாவது வரவில்லை. அப்போது மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

இறந்த இருவரில் ஒருவன் கொருக்குப்பேட்டை மதியழகன். அவன் அப்பா பக்தவச்சலம், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர், அந்த வாரமே வந்து படகு படகாக விசாரித்தார். "எம்புள்ள கொரலு யாருக்குனா கேட்டுச்சா, நைனா?" நோயல் இரண்டு தடவை உண்மையைச் சொன்னான். சத்தம் வரவில்லை. மூன்றாவதை விழுங்கிவிட்டான். முதல் வருஷ நினைவு நாளுக்கு அவர் வந்து கேட்டபோதும் அப்படியே விழுங்கினான். அடுத்த வருஷம் பெரியவர் காலைத் தாங்கித் தாங்கி வந்து, அவன் படகில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை மூன்றாவதும் வெளியே வந்துவிட்டது.

"கூப்ட்டாரு, பெரியவரே. ரெண்டு தபா. பேய்னு நெனச்சி சும்மா இருந்துட்டேன். மானங்கெட்டவன் நானு."

அடி விழும் என்று நோயல் தலையைக் குனிந்து கொடுத்தான். அவர் கேட்டது ஒன்றுதான்.

"இன்னான்னு கூப்ட்டான்?"

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்தவச்சலம் பஸ் ஏறி வருகிறார். மகன் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடச் சொல்கிறார். நோயல் அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, கடல் பக்கம் திரும்பிக்கொண்டு மூன்று தடவை கூப்பிடுகிறான். ஒன்று மட்டும் கேட்கிறது. "இன்னாடா கண்ணு" என்று பெரியவர் பதில் கொடுக்கிறார். பக்கத்தில் வலை பிரிக்கிறவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.